திருப்பணிச் சாந்தும் தாவரச் சாறும்

திருக்குடமுழுக்கு நாளில் அன்பர்களின் கண்கள் எல்லாம் விமானத்தின் உச்சியையே நோக்கி நிற்கும். யாகசாலையினின்று எழுந்தருளிய புனித நீர் கலசத்தின் மீது விழும் அந்தக் கணத்திற்காகவே ஊர் முழுதும் காத்திருக்கும். அக்கலசத்தைத் தாங்கும் விமானத்தையும், விமானத்தைத் தாங்கும் சுவரையும், கருவறையிலே திருமேனியைப் பீடத்தோடு பிணைத்து நிறுத்தும் பொருத்தையும் அவ்வேளையில் எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. கல்லும் செங்கல்லும் கண்ணுக்குத் தெரிவன. அவற்றைப் பற்றவைக்கும் சாந்து மறைந்தே கிடப்பது. அச்சாந்தினுள் கடுக்காயின் துவர்ப்பும், வெல்லத்தின் இனிப்பும், பயறு வேகவைத்த கஞ்சியும் கலந்திருந்தன என்பதும், பீடத்தின் பொருத்தில் மரத்தினின்று வடிந்த பிசின் இறுகி நிற்கிறது என்பதும் முன்னாளில் ஊரார் யாவரும் அறிந்த செய்திகள். இன்று அவை திருப்பணிக் குழுவினர்க்கும் எடுத்துச் சொல்லவேண்டிய செய்திகளாகிவிட்டன.

தானியத்தினின்றும் காய்கனிகளினின்றும் பட்டை பிசின்களினின்றும் சத்தைப் பிரித்தெடுத்துப் பயன்கொள்ளும் கலை நம் நாட்டில் அடுப்பங்கரையிலும் வைத்தியசாலையிலும் மட்டும் வளர்ந்ததன்று. அவற்றுக்கு ஒப்ப அது வளர்ந்த இடம் திருக்கோயில்.

கரிக்கலாம்பாக்கம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே அமைந்த ஊர். தேர்த்திருவிழாவில் பிரெஞ்சுக் கவர்னரே வடம் பிடித்து வந்த பெருமையுடையது வில்லியனூர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேட்டால் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களைக் கொடையாகப் பெற்ற புகழுடையது பாகூர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் நெல்லும் கரும்பும் விளையும் நிலம். கிழக்கே கடற்கரையும் கழிகளும் அணித்தாக உள்ளன. ஆகவே கிளிஞ்சலுக்குக் குறைவில்லை. சாந்துக்கு வேண்டிய பொருள்களில் கடுக்காய் ஒன்றுதான் மலையிலிருந்து இறங்கி வரவேண்டியிருந்தது. மற்றவை யாவும் வண்டித் தொலைவிலேயே கிடைத்தன.

இப்பகுதியில் பாகூர் மூலநாதர் திருக்கோயிலும், மதகடிப்பட்டுக் குண்டாங்குழி மகாதேவர் திருக்கோயிலும் சோழர் காலத்துக் கற்றளிகள். கற்றளியில் கல்லின் பாரமே கல்லை நிறுத்துகிறது. சாந்துக்கு அங்கே வேலை குறைவு. அங்குங்கூடக் கூரைக் கல்லின் மேல் மழைநீர் இறங்காதபடி சுண்ணச் சாந்தால் தளவரிசை போட்டுத் தட்டோடு பதிப்பது வழக்கம். சிற்றூர்த் திருக்கோயில்களின் நிலை வேறு. கருவறை கருங்கல்லாக இருப்பினும் அதன் மேல் எழும் விமானமும், வாயிலில் எழும் கோபுரமும் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை. அவற்றின் மீது அமரும் தெய்வ வடிவங்கள் சுதையால் ஆனவை. அங்கே எல்லாம் சாந்தின் கையில் இருக்கிறது.

சுண்ணாம்பின் இயல்பு

கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, இரண்டும் ஒரே பொருளே. காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு பிரிந்துபோய் நீற்றாத சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் தெளித்தால் அது கொதித்துப் பூத்து நீறாகும். அந்நீற்றை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், தான் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. கடலில் பிறந்த கிளிஞ்சல் நெருப்பில் இறந்து விமானத்தின் மேல் மறுபிறவி எடுக்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சாகாது; இரசாயன நூலார் கூறுவதும் அதுவே.

இம்மறுபிறவிக்குக் காலம் வேண்டும் என்பதே இடர்ப்பாடு. பூச்சின் மேற்புறம் சில நாட்களில் இறுகினாலும் உட்புறம் இறுகப் பல மாதங்களும், கனத்த சுவராயின் பல ஆண்டுகளும் செல்லும். அதற்குள் வெயில் தாக்கினால் வெடிக்கும். மழை தாக்கினால் கரையும். நீர் மிகுதியாகச் சேர்த்துக் குழைத்தால் உலரும்போது சுருங்கிப் பிளக்கும். சுண்ணாம்பின் இக்குறைகளை நீக்கவே முன்னோர் காடும் கழனியும் தரும் பொருள்களை நாடினர்.

நெல் விளையும் ஊர்களில் உமிக்கும் இதில் ஓர் இடம் உண்டு. உமியைச் சுட்ட சாம்பலின் பெரும்பகுதி மணற்சத்து. தக்க அளவு வெப்பத்தில் எரித்த உமிச் சாம்பல் சுண்ணாம்போடு கூடி, ஈரமுள்ள இடத்திலும் இறுகும் தன்மையை அதற்குத் தருகிறது. செங்கற் பொடியாகிய சுருக்கியைச் சேர்ப்பதும் அதே நோக்கத்தினாலேயே.

நூல்கள் கூறும் நெறி

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபத்திற்கென்றே ஒரு தனி அத்தியாயம் உள்ளது. ஜோதிட நூல் என்று பெயர்பெற்ற ஒன்றில் ஒட்டுச் சாந்தின் இலக்கணம் இடம்பெற்றிருப்பது வியப்பாகத் தோன்றலாம். கோயில் எழுப்பும் நாளையும் கோளையும் குறித்துக் கொடுத்த ஆசிரியர், அக்கோயில் இடிந்து விழாதிருக்கும் வழியையும் சொல்வது தம் கடமை என்று கருதினார் போலும்.

அவர் கூறும் முதல் லேபத்தின் சரக்குகள் யாவும் தாவரத்தினின்று பெறப்பட்டவை. தும்பிலியின் பிஞ்சுக் காய், விளாம் பிஞ்சு, இலவம் பூ, சல்லகி மரத்தின் விதை, தன்வன மரத்தின் பட்டை, வசம்பு ஆகிய இவற்றை ஒரு துரோணம் நீரில் இட்டு எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சவேண்டும். அந்தக் கஷாயத்தோடு தேவதாரு இனத்து மரத்தின் பிசின், போளம், குக்குலு, சேராங்கொட்டை, குந்துருக்கம், குங்குலியம், ஆளிவிதை, வில்வம் ஆகியவற்றின் விழுதைக் கூட்டினால் வஜ்ரலேபம் ஆகும். இதைச் சூடாகவே கோயில், மாளிகை, இலிங்கம், படிமம், சுவர், கிணறு ஆகியவற்றிற்குப் பூசவேண்டும் என்கிறார். இது நிற்கும் காலத்தைப் பல்லாயிரம் ஆண்டு என்று அவர் கணக்கிடுவதைப் புலவரின் உற்சாகம் என்று கொண்டாலும் குற்றமில்லை. சரக்குகளின் தேர்வைப் பார்த்தால் அனுபவம் பேசுவது விளங்கும். பிஞ்சுக் காய்களில் துவர்ப்பு மிகுதி. இலவம் பூவில் வழவழப்பு மிகுதி. பிசின்கள் நீரில் கரையாதன. ஆளிவிதையின் எண்ணெய் காற்றுப் பட்டால் தானே இறுகும் இயல்புடையது. துவர்ப்பு, வழவழப்பு, பிசின், இறுகும் எண்ணெய் என்ற நான்கையும் ஒரு கொப்பரையில் கூட்டியவர்கள் அவற்றின் குணத்தை ஒவ்வொன்றாகச் சோதித்தே கூட்டியிருக்கவேண்டும்.

தென்னாட்டுச் சிற்ப நூலாகிய மயமதமும் சுதைச் சாந்தைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. பால், தயிர், உளுந்துக் கஷாயம், திரிபலைக் கஷாயம், வாழைப்பழம், வெல்லம் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. இந்நூலை வடமொழி மூலத்தோடு பிரெஞ்சு மொழியில் பெயர்த்துப் பதிப்பித்த புரூனோ தாகென்ஸ் என்னும் அறிஞர் அப்பணியைச் செய்தது புதுச்சேரியில், 1955-ல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்தின் வாயிலாக. அதன் பகுதிகள் 1970-லும் 1976-லும் வெளிவந்தன. இந்நிறுவனம் தொகுத்துக் காத்த சைவ ஆகமச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கரிக்கலாம்பாக்கத்தார் பஸ் ஏறிச் சென்று பார்த்துவரக்கூடிய தொலைவில்தான் இச்செல்வம் இருக்கிறது.

சென்னைச் சாந்து சீமைக்குச் சென்ற வரலாறு

நூல்களில் உள்ளவை நூலோடு நின்றன என்று ஐயுறுவோர் உண்டு. அவர்கள் ஐயத்தைத் தீர்ப்பது வெளிநாட்டார் ஒருவர் விட்டுச்சென்ற குறிப்பு. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் மிக உயர்ந்த சாந்து செய்யும் முறையை எழுதி அனுப்பினார். இலண்டன் ராயல் சொசைட்டி தன் வெளியீட்டில் 1732-ஆம் ஆண்டளவில் அதை அச்சிட்டது. தமிழ்நாட்டுக் கொத்தனாரின் கைமுறை, ஐரோப்பிய விஞ்ஞானிகள் கூடும் சபையின் ஏட்டில் ஏறிய அரிய நிகழ்ச்சி அது.

பைக் தரும் அளவுகள் துல்லியமானவை. சலித்த புது மணல் 15 புஷல், கல் சுண்ணாம்பு 15 புஷல். இரண்டையும் நீர் தெளித்து நீற்றி இரண்டு மூன்று நாள் கிடத்தவேண்டும். பிறகு 20 பவுண்டு வெல்லத்தை நீரில் கரைத்துத் தெளித்து நன்றாக அடித்துக் கலந்து மறுபடியும் குவித்து வைக்கவேண்டும். புஷலில் கால் பங்காகிய ஒரு பெக் அளவு பயற்றைக் கூழாகும்வரை வேகவைத்து முரட்டுத் துணியில் வடிகட்டி அந்நீரை எடுத்துக்கொள்ளவேண்டும். கிராம் என்று அவர் எழுதும் அப்பயறு, அக்காலச் சென்னைப் பக்கத்து ஆங்கில வழக்கை நோக்கக் கொள்ளாக இருத்தல் கூடும். அதே அளவு கடுக்காயையும் அவ்வாறே வேகவைத்து அதன் நீரையும் எடுக்கவேண்டும். வெல்ல நீர், பயற்று நீர், கடுக்காய் நீர் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து, சாந்து உலர உலரத் தெளித்து அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மெருகுப் பூச்சுக்கானால் முட்டையின் வெண்கரு, நெய், தயிர் ஆகியனவும் சேரும். தயிர் என்ற தமிழ்ச் சொல்லை அவர் கேட்டபடியே ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

இடையிலே அவர் ஒரு செய்தியைச் சொல்லிப் போகிறார். மூன்று நீரும் கலந்த அப்பாத்திரத்தில் சிறிது சுண்ணாம்பை முன்கூட்டியே கரைத்துவிடுவது இந்நாட்டு வழக்கமாம். வேலையாட்கள் அதைக் குடித்துவிடாதபடி காப்பதற்கு. வெல்லமும் பயற்றுக் கஞ்சியும் கலந்த நீர் உழைப்பாளிக்கு உணவுதானே! சுவருக்கு வார்த்த கஞ்சியைச் சுமந்து சென்றவர் வயிறு எந்நிலையில் இருந்தது என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது. திருப்பணி வரலாறுகளில் மன்னர் பெயரும் கொடையாளர் பெயரும் கல்லில் நிற்கின்றன. சித்தாள்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக இத்தகைய குறிப்புகளே எஞ்சின.

சோழமண்டலக் கரை முழுவதும் இச்சாந்தையே நம்பி எழுந்தது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கிய பின், மீண்டும் எழுந்த நகரத்து மாளிகைகளும், தேவாலயங்களும், கோயில் மதில்களும் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆனவையே. மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சாந்தால் பிணைத்த கூரைக்கு ‘மெட்ராஸ் டெர்ரஸ்’ என்றே பெயர் வழங்குகிறது.

ஏன் கடுக்காய், ஏன் வெல்லம்?

முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்ததை இக்காலத்தார் சோதனைச்சாலையில் காண்கின்றனர். வெல்லத்தில் உள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைப் பன்மடங்கு பெருக்குகிறது. சாதாரண நீரில் சுண்ணாம்பு மிகச் சிறிதே கரையும். சர்க்கரை கலந்த நீரில் மிகுதியாகக் கரைந்து செங்கல்லின் நுண்துளைகளிலும் மணலின் இடுக்குகளிலும் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. கடுக்காயில் நிறைந்துள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்து, சுண்ணத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகாமல் பிரித்து வைக்கிறது. அதனால் குறைந்த நீரிலேயே சாந்து குழைந்து கைக்கு இணங்கும். நீர் குறைந்தால் சுருக்கம் குறையும். சுருக்கம் குறைந்தால் வெடிப்பும் குறையும். பயற்று நீரில் உள்ள புரதம் சாந்தினுள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை நிறுத்தி அதற்கு நெகிழ்வைத் தருகிறது. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சாந்தை, அவை சேராத சாந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, சேர்ந்ததற்கே வலிமை மிகுதி என்று கண்டனர்.

அரிசிக் கஞ்சியின் ஆற்றலைச் சீனர் நன்கு அறிந்திருந்தனர். மிங் அரசர் காலத்து மதில்களிலும் கல்லறைகளிலும் ஒட்டரிசிக் கஞ்சி கலந்த சுண்ணச் சாந்து உண்டு. செஜியாங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்வரிசியின் மாச்சத்தாகிய அமிலோபெக்டின், சுண்ணப் படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிடாமல் சிறிதாகவும் நெருக்கமாகவும் அமையும்படி அடக்கி வைக்கிறது என்று காட்டினர். நம் நாட்டில் பயறும் கடுக்காயும் செய்த பணியை அங்கே ஒட்டரிசி செய்தது. விளைவது எதுவோ அதுவே சாந்தில் சேர்ந்தது.

கடுக்காயை முறையாகச் சேர்ப்பது எளிதன்று. கொட்டை நீக்கி நொறுக்கி நீரில் ஊறப்போட்டு, வெல்லம் சேர்த்துப் பல நாள் புளிக்கவிட்டு, தெளிந்த நீரையே எடுப்பது வழக்கம். வட்டத் தொட்டியில் கல்லுருளையை மாடு கட்டிச் சுற்றவிட்டுச் சாந்தை அரைப்பர். வெண்ணெய்போல் அரைந்தால்தான் சுதைக்கு ஆகும். எத்தனை நாள் புளிக்கவேண்டும், எவ்வளவு வெல்லம் என்பதில் கொத்தனார்க்குக் கொத்தனார் கணக்கு வேறுபடும். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் கணக்கையே சரியென்பர். சுண்ணாம்பின் தரமும் மணலின் தரமும் ஊருக்கு ஊர் மாறுவதால் அவரவர் கணக்கு அவரவர் ஊருக்குச் சரியாகவே இருந்திருக்கும்.

மருந்து சாத்துதல்

விமானத்தைப் பிணைப்பது சாந்து என்றால் திருமேனியைப் பிணைப்பது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்ந்தது அது. இவற்றுள் குங்குலியமும் பஞ்சும் நேரே மரஞ்செடிகள் தருவன. அரக்கு, மரத்தின் சாற்றை உண்டு வாழும் பூச்சி தருவது. மெழுகு, பூவை நாடும் தேனீ தருவது. ஆக, எட்டில் நான்கிற்கு மூலம் தாவரமே. பிசினும் அரக்கும் இறுகிப் பிடிக்கும். மெழுகும் வெண்ணெயும் இளக்கம் தரும். பஞ்சு நாராக ஓடி வெடிப்பைத் தடுக்கும். சுக்கானும் காவியும் உடம்பாக நின்று தாங்கும். எட்டையும் உரலில் இட்டு இடைவிடாது இடித்து, மெழுகுபோல் இளகியபின் திரித்துப் பீடத்தின் பொருத்தில் சாத்துவர். இதை மருந்து சாத்துதல் என்றே கோயில் வழக்கில் கூறுவர். நாள்தோறும் நடைபெறும் அபிஷேக நீர் பீடத்தினுள் இறங்காமல் காப்பது இம்மருந்துதான். பன்னிரண்டு ஆண்டுகளில் இது தளர்ந்துவிடும் என்று கருதியே அக்கால அளவில் குடமுழுக்கை மீண்டும் நடத்துகிறோம்.

திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. ஆகவே மூலவர்க்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே உண்டு. சுண்ணத்திற்கு நீர் பகை, எண்ணெய் துணை என்ற கொத்தனாரின் அறிவு அங்கே வழிபாட்டு நெறியாகவே உயர்ந்து நிற்கிறது.

சிமெண்டு வந்த பின்

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் 1824-ல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் அதைச் செய்ய முதன்முதல் முயன்ற இடம் சென்னை, ஆண்டு 1904. சோழமண்டலக் கரையின் கிளிஞ்சலையே மூலப்பொருளாகக் கொண்ட அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் 1914-ல் போர்பந்தரில் தொழில் வேரூன்றியது. சில மணி நேரத்தில் இறுகும் அப்பொருள், பல மாதம் காத்திருந்து பழகிய திருப்பணியாளர்க்கு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அணைக்கும் பாலத்திற்கும் அது ஆற்றும் தொண்டை எவரும் மறுக்க இயலாது.

பழைய சுண்ணச் சுவரின் மேல் அதைப் பூசும்போதுதான் தீங்கு விளைகிறது. சுண்ணப் பூச்சு மூச்சு விடும். சுவருள் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு செங்கல்லிலேயே தங்கி, உலரும்போது உப்புப் படிகமாகி அதைப் பொடியாக்கும். கடற்காற்று வீசும் புதுச்சேரிப் பகுதியில் இது இன்னும் விரைவாக நிகழும். மேலே பூச்சு பளபளவென்று நிற்க, உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். சிமெண்டு செங்கல்லினும் கடினமானது. ஆகவே பின்னர் அதைப் பெயர்த்தால் பழைய சுதை வடிவமும் அதனோடு சேர்ந்தே பெயரும்.

இன்னொரு தவறும் நிகழ்வதுண்டு. பழமையையும் புதுமையையும் இணைப்பதாக எண்ணிச் சிமெண்டிலேயே கடுக்காய் நீரையும் வெல்லத்தையும் சேர்ப்பவர் உளர். சுண்ணாம்புக்கு வலிமை தரும் அதே சர்க்கரை, சிமெண்டை இறுகவிடாமல் தடுத்துவிடும். மிகச் சிறிய அளவே அதற்குப் போதும். நன்மருந்து நோயறியாமல் கொடுத்தால் என்னவாகுமோ அதுவே இங்கும்.

சுண்ணச் சாந்தில் ஆனதெல்லாம் அழியாது என்று கொள்ளுவதும் பிழை. புதுச்சேரிக் கடற்கரையில் 1870-ஆம் ஆண்டளவில் எழுந்த மேரி மாளிகை பல தலைமுறை நின்று, 2014 நவம்பர் 29-ல் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. கூரையில் இறங்கும் நீரை அவ்வப்போது அடைக்காமல் விட்டால் எச்சாந்தும் நெடுநாள் தாங்காது. விமானத்தின் மேல் ஓர் ஆலஞ்செடி முளைத்ததும் பிடுங்கும் கை ஊரில் இருக்கவேண்டும்.

திருப்பணிக்குப் பொருள் கொடுக்கும் அன்பர்கள் கேட்டறிய வேண்டுவன சில உள. சுண்ணாம்பு எத்தனை நாள் நீற்றி ஊறியது? கடுக்காய் நீர் புளித்ததா, அன்றே காய்ச்சி ஊற்றியதா? பழைய பூச்சில் சிமெண்டு இருந்ததா, இருப்பின் அதை எவ்வாறு நீக்கினர்? இவற்றைக் கேட்கும் கொடையாளரைக் கண்டால் நல்ல ஸ்தபதி மகிழ்வார்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி நாளைப் பற்றியது. பாலாலயம் செய்து மூலவரை வேறிடத்தில் எழுந்தருளச் செய்தபின் ஊரார் மனம் அமைதியுறாது. விரைவில் குடமுழுக்குக் காணவேண்டும் என்ற ஆவல் இயல்பானது. ஜோதிடர் முகூர்த்தத்தைக் குறித்துவிடுகிறார், பத்திரிகை அச்சாகிவிடுகிறது, பந்தலும் யாகசாலையும் எழுந்துவிடுகின்றன. சுண்ணாம்போ பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. நீற்றுவதற்கு ஒரு காலம், புளிப்பதற்கு ஒரு காலம், ஒரு பூச்சு ஆறி மறு பூச்சு ஏறுவதற்கு ஒரு காலம் என்று அது தன் கணக்கையே பார்க்கும். முகூர்த்தத்திற்கு இரண்டு வாரம் இருக்கையில் விமானத்தின் ஒரு முகம் பூசப்படாமல் நின்றால் யாரோ ஒருவர் சிமெண்டு மூட்டையை இறக்கச் சொல்லிவிடுகிறார். பல திருப்பணிகள் பழுதுபட்டது கெட்ட எண்ணத்தாலன்று, இந்த இரண்டு வாரத்தால். வேலை தொடங்குமுன் ஸ்தபதியையும் ஜோதிடரையும் ஒருங்கே அமரவைத்து, சாந்து இறுகவேண்டிய மாதங்களைக் கழித்துக்கொண்டு நாள் குறித்தால் அந்நெருக்கடியே எழாது. வராகமிகிரர் நாளையும் லேபத்தையும் ஒரே நூலில் வைத்ததை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

குடமுழுக்குக்கு முந்திய நாட்களில் அஷ்டபந்தனம் இடிக்கும் ஓசை கோயிலில் கேட்கும். அவ்வுரலண்டையில் மட்டும் யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒருவர் கை ஓய்ந்தால் மற்றொருவர் உலக்கையை வாங்கிக்கொள்கிறார். குங்குலியத்தின் மணம் மண்டபத்தில் பரவுகிறது. இடிபடும் சரக்கு கெட்டியாக இருப்பின் இன்னும் ஒரு நாழிகை, இளகி உலக்கையில் ஒட்டினால் சிறிது வெண்ணெய், மீண்டும் இடி. பதம் வந்துவிட்டது என்று ஸ்தபதி சொல்லும்வரை மருந்து உரலைவிட்டு எழுவதில்லை. அது சாத்தி இறுகிய பின்னரே அன்பர்கள் வரிசையில் நின்று தம் கையாலேயே திருமேனிக்கு எண்ணெய்க் காப்புச் சாத்துகிறார்கள்.